ஓவியர் ககனேந்திரநாத தாகூர்

நீர்வண்ணங்கொண்டு ஓவியம் எழுதப் புகுவார்க்குத் தொடக்கத்திலேயே எய்தும் இடர் ஒன்றுண்டு. தைலவண்ணம் எழுதுவோன் வேண்டும்போது வெண்மையை எடுத்து இருளின்மேல் அப்பிக்கொள்வான். நீர்வண்ணம் எழுதுவோனுக்கோ தாளின் வெண்மையே ஒளியாகும். அதனை ஒருகால் மூடிவிட்டால் மீட்டும் பெறுதல் அரிது. இவ்வச்சத்தால் அவன் கை கூசுகிறது. தூரிகையில் நீர் மிகுந்து வண்ணம் குறைகிறது. ஈரத்திற் கருமையாய்த் தோன்றியதும் உலர்ந்தபின் வெளிறிப்போகிறது. முடிவில் ஒளியுமின்றி இருளுமின்றிச் சாம்பல் பூத்த படமொன்றே எஞ்சுகிறது. ஒளியைக் காக்க எண்ணி இருளை விலக்கியவன் இரண்டையும் இழந்தவனாகிறான். ஏனெனில் அயலிற் கருமை நின்றாலன்றித் தாளின் வெண்மை ஒளியாக விளங்குவதில்லை. இவ்வுண்மையை நெடுவழி நடந்து கற்று, நம் நாட்டு நீர்வண்ண ஓவியத்துக்கு நிறைந்த கருமையை அளித்த பெருமை வங்க ஓவியர் ககனேந்திரநாத தாகூருக்கு உரியது. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

பிறப்பும் இளமையும்

ககனேந்திரநாதர் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், கல்கத்தா நகரின் ஜோராசாங்கோ பகுதியிலிருந்த தாகூர் குடும்பத்து மாளிகையிற் பிறந்தார். தந்தையார் குணேந்திரநாதர். கவியரசர் ரவீந்திரநாதர் இவருக்குச் சிற்றப்பன் முறையினர். எனினும் இவரினும் ஆறாண்டே மூத்தவர். தம்பி அவநீந்திரநாதர் பின்னாளில் வங்க ஓவிய மறுமலர்ச்சிக்குத் தலைவரானார். தங்கை சுநயனி தேவியும் ஆசிரியர் எவருமின்றித் தாமே பயின்று ஓவியரானார். பாட்டும் நாடகமும் ஓவியமும் ஒரு கூரையின்கீழ் வளர்ந்த வீடு அது.

ஆயினும் ககனேந்திரநாதர் கலைக்கு வந்தது விரைவில் அன்று. 1881இல் தந்தையார் காலமாயினார். மூத்த மகனாகிய இவர்மேல் இளமையிலேயே குடும்பப் பொறுப்பு வந்து சேர்ந்தது. ஹரிநாராயணர் என்னும் ஓவியரிடம் நீர்வண்ணப் பயிற்சி சிறிது பெற்றார். அதனையன்றி முறையான கலைக்கல்வி அவருக்கு வாய்த்ததில்லை. தம்பியின் புகழ் நாடெங்கும் பரவத் தொடங்கிய காலத்தும், தமையனார் இல்லத்தை நடத்துவோராகவும் விருந்தினரைப் பேணுவோராகவுமே பெரிதும் அறியப்பட்டிருந்தார்.

துயரும் தூரிகையும்

1905ஆம் ஆண்டில் அவர்தம் மூத்த மகன் இளவயதிலேயே இறந்தான். அத்துயரம் தந்தையின் உள்ளத்தை நிலைகுலையச் செய்தது. ஆறுதலின் பொருட்டு வீட்டிற் கீர்த்தனமும் புராண விரிவுரையும் நடைபெற்றன. கேட்டிருந்த ககனேந்திரநாதர் பாடுவோரையும் விரித்துரைப்போரையும் தாளில் வரையலானார். நாற்பதாம் வயதை நெருங்கிய காலத்தில், மகனை இழந்த துயரினிடையேதான், அவருடைய கலைவாழ்வு மெய்யாகத் தொடங்கியது எனலாம். இதனை நினைக்குந்தோறும் நம் உள்ளம் கசிகின்றது.

இதற்கு முன்னரே அவ்வீட்டிற்குள் கீழ்த்திசைக் காற்றொன்று புகுந்திருந்தது. ஜப்பானியக் கலையறிஞர் ஒககுரா 1902இல் கல்கத்தாவுக்கு வந்து தாகூர் குடும்பத்தாரோடு நட்புப் பூண்டார். அவர் விடுத்த யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்னும் ஓவியர் இருவரும் 1903இல் வந்தனர். அவர்கள் தூரிகையை ஆண்ட முறை தாகூர் சகோதரர் இருவரையும் கவர்ந்தது. ஆனால் இருவரும் அதனினின்று கொண்டவை வேறு. அவநீந்திரநாதர் தாளை நீரிற் பலகால் நனைத்து, வண்ணங்கள் ஒன்றினுள் ஒன்று கரைந்து மென்மையுறச் செய்யும் முறையை வளர்த்தார். அப்படங்களில் அனைத்தும் மாலைப்பொழுதின் மங்கலில் மிதப்பனபோல் இருக்கும். ககனேந்திரநாதரோ கருமையைப் பற்றிக்கொண்டார்.

மை கற்பித்த பாடம்

ஜப்பானியரும் சீனரும் எழுதும் மை, புகைக்கரியும் பசையும் சேர்த்துக் கட்டியாக வார்க்கப்படுவது. அக்கட்டியைக் கல்லின்மேல் சிறிது நீர்விட்டுச் சந்தனம் இழைப்பதுபோல் இழைத்தல் வேண்டும். நீர் குறைந்தால் காக்கைச் சிறகின் கருமை. நீர் மிகுந்தால் மூடுபனியின் வெண்சாம்பல். இவற்றிடையே எண்ணிறந்த படிகள். வண்ணம் ஒன்றேயாதலின், எழுதுவோன் சிவப்பாலும் பசுமையாலும் கண்ணை மயக்குதல் இயலாது. எது மிகக் கருமை, எது இடைநிலை, எங்கே தாளைத் தொடாது விடுதல் வேண்டும் என்னும் மூன்றையும் அவன் முன்னரே துணிந்தாக வேண்டும். ஒளிநிழற் படிகளைக் கற்பதற்கு இதனிற் சிறந்த பள்ளி இல்லை.

ககனேந்திரநாதர் சில ஆண்டுகள் இப்பள்ளியில் தாமே ஆசிரியரும் மாணவருமாய் இருந்து பயின்றார். கல்கத்தாவின் காக்கைகளை மையால் எழுதிப் பழகினார். கரிய பறவையைக் கரிய மையால் எழுதுதல் எளிதென்று எண்ணுவோர் ஒருமுறை முயன்று பார்ப்பாராக. முதுகின் மினுமினுப்பும் வயிற்றின் சாம்பலும் கண்ணின் ஒளியும் ஒரே கருமையுள் வேறுவேறாக நிற்றல் வேண்டும். இப்பயிற்சியின் கனியாக, 1912இல் வெளிவந்த ரவீந்திரநாதரின் ஜீவன் ஸ்மிருதி என்னும் தன்வரலாற்று நூலை அவர்தம் மைச்சித்திரங்கள் அணிசெய்தன.

மலையும் இரவும்

மையிற் கற்றதை அவர் வண்ணத்திற்குக் கொண்டுசென்றார். டார்ஜிலிங்கில் தங்கி இமயத்தின் சிகரங்களையும் மேகங்களையும் எழுதினார். இப்படங்களின் நுட்பத்தை மலைநாட்டார் எளிதில் உணர்வர். நீலகிரியில் எமது இத்தலாரில் மழைக்காலத்து விடியலில் நின்று நோக்கினால், அருகிலுள்ள தேயிலைச் செடிகள் ஈரத்தாற் கறுத்துத் தோன்றும். பள்ளத்துச் சோலை அதனினும் கரிதாய் நிற்கும். அடுத்த முகடு கருநீலம், அதற்கப்பாலுள்ளது சாம்பல், கடைசி முகடோ வானோடு கலந்து உண்டோ இல்லையோ என்னும்படி இருக்கும். சோலையின் கருமையை அஞ்சி வெளிறவிட்டு எழுதினால், பனி பனியாகத் தோன்றாது. வெறும் வெற்றிடமாகவே நிற்கும். பின்னுள்ள மென்மையைக் காப்பது முன்னுள்ள வன்மையே.

அக்கருமையைப் பெறும் வழியையும் ஈண்டுக் குறித்தல் தகும். கடையிற் கிடைக்கும் கறுப்பை மட்டும் நம்பாது, ஆழ்ந்த நீலத்தையும் செம்மண் போன்ற கபிலத்தையும் கலந்தால் உயிருள்ள கருமை பிறக்கும். உலர்ந்தபின் ஒரு படி வெளிறும் என்பதை நினைந்து, வேண்டியதினும் அழுத்தமாகக் குழைத்தல் வேண்டும். தூரிகை நிறைய வண்ணம் எடுத்து, ஒரே முறையில் இட்டு, கையை எடுத்துவிட வேண்டும். ஐயுற்று மீண்டும் மீண்டும் தடவினால் கருமை சேறாகும்.

இத்துணிவின் உச்சியை 1915ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய, துர்க்கையின் திருவுருவை நீரில் விடுதற்குக் கொண்டுசெல்லும் இரவுக்காட்சியிற் காணலாம். படத்தின் பெரும்பகுதியை இரவு கொள்ளுகிறது. அதனிடையே ஊர்வலத்து விளக்கொளி பொன்போற் பொங்குகிறது. அப்பொன்னொளிக்கு ஓவியர் புதிதாக ஒரு வண்ணம் தேடினாரல்லர். சூழ இருளை நிறைத்தார், ஒளி தானே எழுந்தது.

கேலியும் புதுமையும்

கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள பகையை அவர் மற்றொரு பணிக்கும் பயன்படுத்தினார். 1917இல் இரண்டும் 1921இல் ஒன்றுமாகக் கேலிச்சித்திரத் தொகுதிகளைக் கல்லச்சில் வெளியிட்டார். போலி ஆசாரமும், மேனாட்டு நடையைக் கண்மூடிப் பின்பற்றும் செல்வரும் அவற்றில் நகைப்புக்கு இலக்காயினர். பல்கலைக்கழகக் கல்வியை மாணாக்கரை அரைத்துத் தள்ளும் இயந்திரமாக வரைந்த சித்திரம் நம்மனோர்க்கு இன்றும் நகையோடு சிறிது நாணமும் விளைப்பதாகும்.

நாடகத்திலும் அவர் வல்லவர். 1917இல் ஜோராசாங்கோ மாளிகையில் நடிக்கப்பெற்ற ரவீந்திரநாதரின் தபால் நிலையம் என்னும் நாடகத்தில் தாமும் வேடம் பூண்டார். பிற்கால ஓவியங்களிற் காணும் படிக்கட்டுகளும் வாயில்களும், மறைவிடத்திலிருந்து பாயும் வெளிச்சமும், மேடையை அறிந்த கண்ணின் ஆக்கங்கள் என்றே தோன்றுகின்றன.

1922ஆம் ஆண்டு இறுதியில், ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியைச் சார்ந்த காந்தின்ஸ்கி, கிளே முதலியோரின் படங்கள் கல்கத்தாவிற் காட்சிக்கு வந்தன. 1907இல் நிறுவப்பெற்ற இந்தியக் கீழைக்கலைச் சங்கம் அக்காட்சியை நடத்தியது. அதே காட்சியில் ககனேந்திரநாதரின் கியூபிஸ ஓவியங்களும் இடம்பெற்றன. மேனாட்டு கியூபிஸத்தார் பொருளின் வடிவைப் பகுத்தனர். இவரோ ஒளியையே பகுத்தார். பட்டகக் கண்ணாடியூடே உடைந்த கதிர்கள்போல் வெண்மையும் கருமையும் முக்கோணங்களாக மோதி, அவற்றிடையே மாயநகரங்கள் எழுந்தன. ஐம்பத்தைந்து வயதினர் புதிய நெறியில் முதல்வராய் நின்றமை வியப்பிற்குரியதன்றோ!

இறுதி நாட்கள்

1930இல் பாரிசவாயு அவரைத் தாக்கியது. எழுதிய கை ஓய்ந்தது, பேச்சும் நின்றது. எண்ணற்ற படிகளாய் ஒளியையும் இருளையும் பகுத்துக் காட்டியவர், எஞ்சிய எட்டாண்டும் தம் எண்ணத்தைச் சொல்லாலும் கோட்டாலும் உணர்த்த இயலாது இருந்தார். 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், 70ஆம் வயதில், மண்ணுலகு நீத்தார்.

அவர்தம் ஓவியங்கள் புதுதில்லித் தேசிய நவீன கலைக்கூடம் முதலிய இடங்களில் இன்றும் காக்கப்படுகின்றன. தமிழ்நாட்டுக்கும் அவ்வீட்டுக்கும் உள்ள தொடர்பும் நினைவுகூரத் தக்கது. அவநீந்திரநாதரின் மாணவராகிய தேவிபிரசாத் ராய் சௌத்ரியே 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராயிருந்து தென்னாட்டு ஓவியர் பலரை உருவாக்கினார்.

ககனேந்திரநாதரின் வாழ்வினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? மகனை இழந்த இருளை அவர் மறக்க முயன்றாரல்லர், மறைக்கவும் முயன்றாரல்லர். அதனைக் கையில் எடுத்து, உரிய இடத்தில் உரிய அளவில் வைக்கக் கற்றார். கிறிஸ்தவராகிய நாமும் பெரிய வெள்ளியின் இருளைக் கடந்தே ஈஸ்டர் விடியலை அடைகிறோம். இடையிலுள்ள அந்நாட்களை வெளிறவிட்டால் விடியலும் வெளிறிவிடும். ஓவியம் பயிலும் தோழர்காள்! தூரிகையில் நீரைக் குறைத்து வண்ணத்தை நிறையுங்கள். ஒளிக்கென விட்ட தாள் எங்கேயென்று ஒருமுறை நோக்குங்கள். பின்னர் அதன் அருகே இருளை அஞ்சாது இடுங்கள்.