மதுவாலை மைந்தர் யூல்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், மின்மாற்றியிலிருந்து நெடுந்தூரம் வரும் கம்பியின் கடைசி வீட்டில் மாலை விளக்கு மங்குமாயின், மின்னழுத்தம் குறைந்தது, கட்டணமும் குறையும் என்று ஆறுதல் கொள்வார் உளர். அந்த ஆறுதலை நிறுத்துப் பார்க்கத் தராசு தந்தவர் ஜேம்ஸ் பிரெஸ்கொற் யூல்.

இங்கிலாந்தில் மான்செஸ்ரரை அடுத்த சால்ஃபோர்ட்டில், 1818 டிசம்பர் 24 அன்று, செல்வம் மிக்க மதுவாலை உரிமையாளரின் மகனாக அவர் பிறந்தார். நலம் குன்றிய சிறுவராதலின் வீட்டிலேயே பயின்றார். அணுக்கொள்கை கண்ட ஜோன் டால்ரன் ஆசானாக வாய்த்தார்.

அவரை ஆய்வுக்கு இழுத்தது வணிகக் கணக்கு. ஆலையின் நீராவி இயந்திரத்துக்குப் பதிலாக மின்கலத்தால் இயங்கும் மோட்டாரை வைத்தால் பணம் மிஞ்சுமா? கலத்தில் கரையும் துத்தநாகத்துக்கு நிலக்கரியைவிட மிகுந்த செலவாயிற்று. ஆசை பொய்த்தது, ஆய்வு நின்றபாடில்லை. மின் பாயும் கம்பியில் தோன்றும் வெப்பம், தடைக்கும் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப அமையும் என்று 1841இல் வெளியிட்டார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 230 வோல்ற்றில் 2000 உவாற்று இழுக்கும் மின்கேத்தல், 207 வோல்ற்றில் 1620 உவாற்றே பெறும். நீர் கொதிக்க வேண்டிய வெப்பமோ குறையாது. நேரம் நீளும், நீண்ட நேரத்தில் வெப்பமும் வெளியே கசியும், மின்மானி சற்று மிகுதியாகவே காட்டும். பழைய இழைவிளக்கு மின்சாரத்தைக் குறைத்து உண்ணும். ஒளி அதனினும் குறைந்துவிடும். நீரிறைக்கும் மோட்டாரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது: அதே வேலையைச் செய்ய மிகுந்த மின்னோட்டம் இழுத்துத் தன் சுருளையே சுட்டுக்கொள்ளும். தேவைக்கு மட்டும் நீரைக் கொதிக்கவைத்தால் மிச்சம் உண்டு. அழுத்தம் வீழ்ந்ததனால் இல்லை.

யூலோ, விழும் எடையால் துடுப்பைச் சுழற்றி நீரைச் சூடாக்கி, வேலையும் வெப்பமும் ஒன்றே என நிறுவ ஆண்டுகள் பல உழைத்தார். கற்றோர் முதலில் பொருட்படுத்தவில்லை. 1847இல் ஒக்ஸ்ஃபோர்ட்டில் இளைஞர் வில்லியம் தொம்சன் செவிசாய்த்த பின்னரே நிலை மாறிற்று. 1854இல் மனைவியை இழந்தார். கைப்பொருளும் ஆய்விற் கரைந்தது; செல்வர் வீட்டில் பிறந்தவர் 1878இல் ஆண்டுக்கு 200 பவுண் அரச உதவி பெறலானார்.

1889 ஆகஸ்டில் அனைத்துலக மின்னியல் மாநாடு ஆற்றலின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றது. அக்டோபர் 11இல் அவர் மறைந்தார். மின்கட்டணச் சிட்டையில் நாம் ஓர் அலகு என்று காண்பது, 36 இலட்சம் யூல்.