யந்திரக்கலை வல்லார் ஜி. டி. நாயுடு

யந்திரங்களைக் கண்டால் நம்மவருள் பலர் விலகி நிற்பர். பழுது நேரின் பட்டறையை நாடுவர். அவற்றைத் தம் கையாலேயே பிரித்துப் பார்த்து அறிவு பெற்ற ஒருவரது சரிதத்தை நம் மாணவ நண்பர்கள் அறிதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893-ம் வருஷம் மார்ச்சு மாதம் 23-ந் தேதி, கோயமுத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் உழவர் குடியிற் பிறந்தார். பள்ளிப்படிப்பு அவருக்குச் சொற்பமே. இளமையில் ஆங்கில உத்தியோகஸ்தர் ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டதும் அவர் உள்ளம் அதன்பாற் சென்றது. கோயமுத்தூர் சென்று, உணவு விடுதியொன்றிற் பரிமாறும் வேலை செய்து, பொருள் சேர்த்து அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். சவாரி செய்வதோடு அமையாது, அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பயின்ற கலாசாலை.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கினார், அது யு. எம். எஸ். என்னும் பெரிய ஸ்தாபனமாயிற்று. மின்சாரத்தால் இயங்கும் க்ஷவரக் கருவி முதலிய பலவற்றை ஆக்கினார். 1945-ல் கோயமுத்தூரில் தொழிற்கல்வி நிலையம் தோன்றக் காரணராயிருந்தார். நம் ஸ்ரீரங்கத் தீவிலுள்ள திருவானைக்காவிற் பிறந்த ஸர் ஸி. வி. ராமனும் அவரை மனமாரப் பாராட்டினார். பட்டம் பெறாத அப்பெரியார் 1974-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி காலமானார்.

அவரது வழி இக்காலத்து வண்டிகளுக்கும் பொருந்தும். ஆட்டோமாடிக் கியர் உள்ள காரில் கிளட்ச்சை இயக்குவது காலன்று, எண்ணெயின் அழுத்தமே. அடியிலுள்ள தட்டிலிருந்து எண்ணெய் வடிகட்டியின் வழியே பம்பிற்கு ஏறுகின்றது. வடிகட்டி அடைபட்டால் அழுத்தம் குன்றும், கியர் வழுக்கும். ஆகவே, வண்டியை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தி, எண்ணெயை வடித்துத் தட்டைக் கழற்றுதல் வேண்டும். அதிலுள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல்நிறப் பொடி ஒட்டியிருப்பின் அது இயல்பான தேய்வு. உலோகச் சில்லுகள் காணப்படின் உள்ளே பெரும்பழுது உண்டென அறியலாம். வடிகட்டியையும் காஸ்கெட்டையும் மாற்றித் திருகாணிகளை ஒருபுறமாக இறுக்காது, எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, வண்டிக்கு விதித்த எண்ணெயையே விதித்த அளவில் வார்க்கவேண்டும்.

பிரித்தலினும் கூர்ந்து பார்த்தல் பெரிது. பார்த்தலினும் முறைதவறாது மீளப் பூட்டுதல் பெரிது. இம்மூன்றையும் நாயுடு ஆசிரியரின்றிப் பயின்றார். ஆசிரியரும் ஆராய்ச்சிச்சாலையும் வாய்க்கப்பெற்ற நாம், கையிற் கரிபடும் என்றஞ்சி அவற்றைக் கைவிடலாமோ? திரிசிராப்பள்ளி மாணவர் இதனைச் சிந்திப்பாராக.