சாந்தம் பயின்ற மேற்றிராணியார்

புனித பிரான்சிஸ் சலேசியாரின் படத்தைப் பார்க்கும்போது, கோபம் என்பதையே அறியாத பிறவி என்று நீங்கள் எண்ணக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. இரத்தம் விரைவில் கொதிக்கும் சுபாவமே அவருக்கு வாய்த்திருந்தது. எல்லோரும் வியந்த அந்தச் சாந்தம், காலைதோறும் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட சில வார்த்தைகளால், பல ஆண்டுகள் பாடுபட்டுப் பெற்றது.

இன்றைய பிரான்சின் கிழக்கெல்லையில், அன்று சவோய் கோமகனின் ஆட்சிக்குட்பட்டிருந்த மலைநாட்டிலே, 1567ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் திகதி பிரபு குடும்பமொன்றின் மூத்த மகனாகப் பிறந்தார். மகன் சட்டம் படித்துப் பெரும் பதவி வகிக்க வேண்டுமென்பது தகப்பனாரின் ஆசை. பாரிஸ் நகரில் சேசுசபைக் குருமாரின் கல்லூரியில் பயிலுகையில், ஏறக்குறையப் பத்தொன்பது வயதில், கொடிய சோதனையொன்று அவரைப் பீடித்தது. தாம் நரகத்துக்கென்றே முன்குறிக்கப்பட்டவர் என்ற எண்ணம் வாரக்கணக்கில் வாட்டியது. ஊணும் உறக்கமும் ஒழிந்தன. ஒரு நாள் ஆலயமொன்றில் மாதாவின் சுரூபத்தின்முன் முழந்தாளிட்டு, மறுமையில் தமக்கு எது நேர்ந்தாலும் இம்மையில் ஆண்டவரை நேசிப்பதாகத் தம்மை ஒப்புக்கொடுத்தார். பாரம் இறங்கிற்று. மனமுடைந்தவர்களைப் பின்னாளில் அவர் அத்தனை மென்மையாகக் கையாண்டதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பின்னர் இத்தாலியின் பதுவா நகரில் சட்டம் பயின்றபோது, தமது வாழ்வை ஒழுங்குபடுத்தச் சில விதிகளை எழுதிக்கொண்டார். அவற்றில் முக்கியமானது காலை ஆயத்தம். நித்திரை விட்டெழுந்ததும் அன்றைய தினத்தை மனக்கண்முன் கொண்டுவருவார். இன்று யாரைச் சந்திக்க வேண்டும்? எந்த அலுவல் காத்திருக்கிறது? எவ்விடத்தில் ஆத்திரம் மூளக்கூடும்? அவ்விடத்தில் என்ன பேசுவது, எப்படி நடப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்து, அத்தீர்மானத்தை ஆண்டவரின் கையில் ஒப்படைப்பார். நல்லவனாக நடப்பேன் என்ற பொதுவான வாக்குறுதியில் அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. இன்ன ஆள் இன்ன வார்த்தையால் என்னைக் குத்துவார், அப்போது நான் இப்படி நடப்பேன் என்று குறிப்பாகத் தீர்மானித்தால்தான் பலன் என்பார். காலையில் பிள்ளையை ஏசிவிட்டுக் கந்தோருக்குப் போய் நாள் முழுவதும் மனம் வருந்துகிறவர்களுக்கு இது விளங்கும்.

1593இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, மக்கள் கல்வீன் மதத்தைத் தழுவியிருந்த ஷப்லே என்ற பகுதிக்குச் சென்றார். பிரசங்கத்துக்கு வந்தவர்கள் ஒரு சிலரே. வராதவர்களுக்காகச் சிறு தாள்களில் விளக்கங்கள் எழுதி வீடுகளுக்குச் சேர்ப்பித்தார். இந்தத் தாள்களை நினைவுகூர்ந்தே 1923ஆம் ஆண்டு பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் அவரைக் கத்தோலிக்க எழுத்தாளருக்குப் பாதுகாவலராக்கினார். இப்பத்திரிகையை எழுதுவோருக்கும் அவரே பாதுகாவலர். நான்கு ஆண்டுகளில் அப்பகுதி பெரும்பாலும் திரும்பிவந்தது. கோமகனின் அதிகாரத்துக்கும் அதில் பங்குண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் ஏச்சுக்கு ஏச்சுத் திருப்பாத அந்த இளம் குருவை மக்கள் மறக்கவில்லை.

1602இல் ஜெனீவாவின் மேற்றிராணியாரானார். அந்நகர் கல்வீன் மதத்தினர் வசமிருந்ததால் அன்னெசியிலேயே வாசம் செய்தார். காது கேளாத, பேச வராத ஏழை ஒருவனைத் தம் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு, சைகைகளால் ஞானோபதேசம் கற்பித்து, நற்கருணை வாங்க ஆயத்தம் செய்தார். 1610இல் புனித சந்தால் அம்மையாருடன் சேர்ந்து, மாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்த நிகழ்ச்சியின் பெயரால் ஒரு கன்னியர் சபையையும் நிறுவினார்.

குடும்பத்திலும் உத்தியோகத்திலும் இருப்போருக்காக அவர் எழுதிய பக்தி வாழ்வு பற்றிய நூல் 1609இல் வெளிவந்தது. பதுவாவில் தாம் பழகிய காலை ஆயத்தத்தை அதில் எல்லோருக்கும் கற்பித்தார். தோட்டத்தில் உலாவியவர் சில பூக்களைப் பறித்துக்கொண்டு போய் நாளெல்லாம் முகர்வது போல, காலைத் தியானத்தில் மனத்தைத் தொட்ட ஓரிரு கருத்துக்களை எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். அலுவலின் நடுவே மனவல்லய செபங்களால் அவற்றைப் புதுப்பிக்கலாம். பாத்திரம் கழுவும்போதும் பேருந்துக்குக் காத்துநிற்கும்போதும் நீங்களும் செய்யக்கூடியதே.

ஆனால் தவறிவிட்டால்? இங்கேதான் அவருடைய போதனை பலருக்கு வியப்பைத் தரும். கோபப்பட்டதற்காகத் தம்மேலேயே கோபப்படுகிறவர் ஒரு கோபத்தை இரண்டாக்குகிறார். அந்த மனக்கசப்பின் அடியில் கிடப்பது பெரும்பாலும் அகங்காரமே. இடறி விழுந்த நண்பனைத் தூக்குவது போல நம் இருதயத்தோடு இரக்கமாய்ப் பேசி, எழுந்து மீண்டும் நடக்க வேண்டும். அயலாரிடம் காட்டும் சாந்தத்தைத் தன்னிடமே காட்ட மறந்தவரால் அதை நெடுநாள் காக்க முடியாது என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

1622ஆம் ஆண்டு இறுதியில் கோமகனின் பரிவாரத்துடன் பிரயாணம் செய்து லியோன் நகர் சேர்ந்தபோது, சௌகரியமான விடுதிகளை விட்டு, தம் கன்னியர் மடத்துத் தோட்டக்காரனின் சிறு வீட்டில் தங்கினார். டிசம்பர் 27ஆம் திகதி பக்கவாதம் கண்டது. அக்கால வைத்தியர் அவர் தலையைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் சுட்டனர். அதையும் பொறுமையோடு ஏற்றுக்கொண்டு, மறுநாள் இரவு உயிர்நீத்தார். வயது ஐம்பத்தைந்து. உடலைத் திறந்தபோது பித்தப்பை நிறையக் கற்கள் இருந்தன. விழுங்கிய கோபமெல்லாம் கல்லாயிற்று என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். வைத்திய சாஸ்திரம் இதை ஏற்காது. ஆனாலும் அவருக்குக் கோபம் உண்டென்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இருதயம் லியோன் கன்னியரிடம் தங்கியது. உடல் 1623 ஜனவரியில் அன்னெசிக்குக் கொண்டுசெல்லப்பட்டது.