கடற்பசுவை ஆராய்ந்த ஸ்ரெல்லர்

தலவிலக் கரையை அடுத்த மன்னார்க் குடாவிலே கடற்புல் மேய்ந்து வாழ்வது ஆவுளியா என்னும் கடற்பசு. இன்று அருகிவிட்ட இவ்விலங்கின் நெருங்கிய உறவினம் ஒன்றை உயிரோடு கண்டு ஆராய்ந்த ஒரே அறிஞர் ஸ்ரெல்லர் ஆவார்.

1709ஆம் ஆண்டு ஜேர்மனியிற் பிறந்த அவர், சமயக் கல்வியினின்று இயற்கையியலுக்குத் திரும்பி, உருசியா சென்றார். 1741இல் பேரிங் என்னும் மாலுமித் தலைவருடன் அலாஸ்காக் கரை கண்டு மீளுங்கால், கப்பல் ஆளற்ற தீவொன்றிற் கரைதட்டியது. பேரிங் முதலாய பலர் நோயுற்று மாண்டனர். ஸ்ரெல்லர் பச்சிலை தேடியூட்டி எஞ்சியோரைப் பேணினார். அவர்தம் பசி தீர்த்தது அங்கு மேய்ந்த கடற்பசுவின் ஊன். ஏறத்தாழ எட்டு மீற்றர் நீண்ட அவ்விலங்கை அவர் அளந்து, அறுத்து, ஆராய்ந்து எழுதினார். 1746இல், 37 வயதிலே, சைபீரியாவில் உயிர்நீத்தார். அவரது ஆய்வுநூல் 1751இல் வெளிவந்தது.

அவர் வழியே உரோம வேட்டைக்காரர் அத்தீவை நாடினர். உணவுக்காகக் கடற்பசுக்களைக் கொன்றனர். 1768ஆம் ஆண்டளவில் அவ்வினம் அற்றொழிந்தது. அறிஞர் கண்டபின் அது வாழ்ந்தது 27 ஆண்டுகளே!

நம் ஆவுளியாவை இலங்கைச் சட்டம் காக்கின்றது. பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பினைத் தமிழ்நாட்டரசு 2022இல் அதன் காப்பகமாக்கியது. ஆயினும் வலையிற் சிக்கி அது மடிதல் ஓயவில்லை. ஏட்டில் எழுதுவதால் மட்டும் ஓர் உயிரினம் பிழைக்காது என்பதே ஸ்ரெல்லரின் வாழ்வு மாணாக்கர்க்கு உணர்த்தும் பாடம்.