கழற்றிப் பார்த்தார்... கற்றுக்கொண்டார்!

குழந்தைகளே! விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் காலை நேரத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பேருந்து, லாரி, கரும்பு ஏற்றிய டிராக்டர் என்று வரிசையாக வரும். அவற்றுக்கு ஓரமாகச் சில சைக்கிள்களும் வரும். அப்படி வந்த ஒரு சைக்கிள் என்னை வியக்க வைத்தது.

பார்ப்பதற்கு அது பழைய சைக்கிள்தான். விக்கிரவாண்டிப் பக்கத்திலிருந்து விழுப்புரத்துக்குக் கடை வேலைக்கு வரும் ஒருவர் அதை ஓட்டி வந்தார். ஆனால் அவர் மிதிக்கவில்லை! சைக்கிள் தானாக ஓடியது. புகை இல்லை, சத்தமும் இல்லை.

அவர் நிறுத்தியதும் அருகில் போய்ப் பார்த்தேன். பின்சக்கரத்தின் நடுவில் வட்டமான மோட்டார் இருந்தது. சைக்கிளின் நடுக்கம்பியில் ஒரு பேட்டரி. இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தை அளந்து அனுப்பும் கன்ட்ரோலர் என்ற சிறு பெட்டி. பிரேக் பிடித்தால் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும். முழங்கால் வலி வந்த பிறகு, புது வண்டி வாங்க வசதி இல்லாததால், இருந்த சைக்கிளையே மின் சைக்கிளாக மாற்றிக்கொண்டாராம்.

மோட்டார் எப்படிச் சுற்றுகிறது தெரியுமா? கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகிவிடும். இரண்டு காந்தங்கள் ஒன்றையொன்று இழுக்கும், அல்லது தள்ளும். அந்த இழுப்பையும் தள்ளலையும் ஓயாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தால் சக்கரம் சுழலும். பாரிஸ் நகரில் குஸ்தாவ் ட்ரூவே என்பவர் 1881-லேயே மூன்று சக்கர மிதிவண்டியில் மின்மோட்டார் பொருத்தி ஓட்டிக் காட்டிவிட்டார்.

சரி, நம் நாட்டில் மின்மோட்டாரை முதலில் செய்தது எங்கே? நம் தமிழ்நாட்டில்தான், கோயம்புத்தூரில்! அதைச் செய்தவர்களில் ஒருவர் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். அவர்தான் ஜி.டி. நாயுடு.

பள்ளி பிடிக்காத பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் என்ற சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. குறும்பு அதிகம். ஆசிரியர் மீது மண்ணை வாரி எறிந்துவிட்டு ஓடினார் என்றுகூடச் சொல்வார்கள். படிப்பு தொடக்கப் பள்ளியோடு நின்றது. பிறகு தோட்ட வேலை. ஓய்வு கிடைத்தபோது தமிழ்ப் புத்தகங்களைத் தாமாகவே படித்தார்.

ஒருநாள் ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் அந்தப் பக்கமாக மோட்டார் சைக்கிளில் வந்தார். இளைஞர் துரைசாமி அதைப் பார்த்தார். மாட்டு வண்டியை மாடு இழுக்கும், குதிரை வண்டியைக் குதிரை இழுக்கும். இதை எது இழுக்கிறது? இந்தக் கேள்வி அவரைத் தூங்க விடவில்லை.

அந்த வண்டியை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். கையில் காசில்லை. கோவைக்குப் போய் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சுமார் மூன்று ஆண்டுகள் காசு காசாகச் சேர்த்தார். பிறகு அந்த அதிகாரியிடமே போய் 300 ரூபாய் கொடுத்து மோட்டார் சைக்கிளை வாங்கினார். அந்தக் காலத்தில் 300 ரூபாய் மிகப் பெரிய தொகை.

வாங்கியவர் முதலில் செய்த காரியம் என்ன? வண்டியை ஊர் சுற்ற எடுத்துப் போகவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டார்! எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, எது எதை அசைக்கிறது என்று பார்த்தார். பிறகு பழையபடியே பூட்டினார். இப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியராக இருந்தபோது, வகுப்பில் ஒரு பையன் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டான். திருப்பிப் பூட்டத் தெரியாமல் விழித்தான். அவனைக் கடுமையாகத் திட்டி, பாகங்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் கொடுத்து, பூட்டிப் பார் என்று சொல்லியிருக்கலாம். நாயுடுவின் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பையனின் முகம் நினைவுக்கு வருகிறது. கழற்றுவது பாதிப் பாடம், பூட்டுவது மீதிப் பாடம். நான் அவனுக்குப் பாதிப் பாடத்தை மறுத்துவிட்டேன்.

விழுந்தார், எழுந்தார்

நாயுடு அடுத்து பருத்தித் தொழிலில் இறங்கினார். பணம் வந்தது. பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் வணிகம் செய்தார். வந்த பணம் போய்விட்டது. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

ஆனால் கற்ற தொழில் கையில் இருந்ததே! கோவையில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் அவருடைய திறமையை அறிந்து உதவினார். 1920-ஆம் ஆண்டு நாயுடு ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றைப் பேருந்து வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமானது. 1933-ல் அதனிடம் சுமார் 280 பேருந்துகள் இருந்தன. குறித்த நேரத்தில் பேருந்து புறப்பட வேண்டும் என்பதில் நாயுடு மிகவும் கண்டிப்பானவர்.

1930-களில் அவர் ஐரோப்பிய நாடுகளுக்குப் போனார். அங்கே தொழிற்சாலைகளைக் கூர்ந்து பார்த்தார். பேட்டரியில் ஓடும் சிறு மோட்டார் வைத்த சவரக் கருவி ஒன்றை உருவாக்கினார். ரசந்த் என்ற பெயரில் அது ஜெர்மனியில் தயாரானது. பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்தால் கையடக்கமான பொருளையும் ஓட்டலாம் என்பதை அவர் அப்போதே செய்து காட்டிவிட்டார், பாருங்கள்!

நம் ஊர் மோட்டார்

அந்தக் காலத்தில் கிணற்றிலிருந்து நீர் இறைக்க மாடு கட்டிக் கவலை ஓட்டுவார்கள். மாடுகள் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். 1930-களில் நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கோவைக்கு மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின. ஆனால் மின்சாரம் மட்டும் வந்தால் போதுமா? அதைச் சுழற்சியாக மாற்ற மோட்டார் வேண்டுமே! மோட்டார்கள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தன.

நாயுடு, டி. பாலசுந்தரம் என்பவரோடு சேர்ந்து பீளமேட்டில் அந்த முயற்சியில் இறங்கினார். 1937-ஆம் ஆண்டு அவர்களுடைய நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்கூடத்தில் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவானது. பின்னாளில் கோவை, மோட்டாருக்கும் பம்புக்கும் நாடறிந்த ஊரானது. வயல்களில் கவலை ஓட்டிய மாடுகளுக்கு மெல்ல மெல்ல ஓய்வு கிடைத்தது. மாடு இழுக்காத வண்டியைப் பார்த்து வியந்த இளைஞர், மாடு இல்லாமல் சுழலும் பொறியை நம் மண்ணிலேயே செய்துவிட்டார்!

கிடைக்காத அனுமதி

நாயுடு நினைத்த எல்லாமே நடந்ததா? இல்லை. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கக் காரணமாக இருந்தார். அந்தக் கல்லூரிதான் பிறகு அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. பட்டறையில் கையால் வேலை செய்து பழகினால், நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பை இரண்டே ஆண்டில் முடிக்கலாம் என்பது அவருடைய எண்ணம். அரசு அதை ஏற்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

1952-ல் இருவர் அமரும் பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை சுமார் 2,000 ரூபாய்தான். ஆனால் அதைத் தயாரிக்க அரசின் உரிமம் கிடைக்கவில்லை. கார் மக்களிடம் வந்து சேரவே இல்லை. அது அவருக்கு எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்! ஆனாலும் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. பருத்தி, பப்பாளி என்று பயிர்களிலும் சோதனை செய்துகொண்டே இருந்தார்.

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள், தம் 80-ஆவது வயதில் அவர் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் 2025-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலத்துக்கு அவருடைய பெயர்தான் வைக்கப்பட்டுள்ளது.

ஒரு கணக்கு, ஒரு வேலை

மறுபடியும் நம் விழுப்புரம் சைக்கிளுக்கு வருவோம். உங்களுக்கு ஒரு கணக்கு. பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 360 வாட்-மணி. ஒரு கிலோமீட்டர் ஓட 12 வாட்-மணி செலவானால் எவ்வளவு தூரம் போகும்? 360-ஐ 12-ஆல் வகுங்கள். 30 கிலோமீட்டர்! விக்கிரவாண்டிக்கும் விழுப்புரத்துக்கும் போய்வர அது போதும். திண்டிவனம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்வதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். மீதித் தூரத்துக்கு மிதிக்க வேண்டியதுதான்! மேடும் எதிர்க்காற்றும் இருந்தால் இன்னும் சீக்கிரமாகவே மிதிக்க வேண்டிவரும்.

இனி ஒரு வேலை. உங்கள் வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பேட்டரிப் பொம்மை கார் ஒன்றை எடுங்கள். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, பெரியவர்கள் துணையோடு திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே குட்டி மோட்டார் இருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் வரிசையில் தாளில் படமாக வரைந்துகொள்ளுங்கள். அப்போதுதான் திருப்பிப் பூட்ட முடியும். வீட்டு மின்சாரத்தில் ஓடும் கருவிகளைத் தொடவே கூடாது. மின் சைக்கிளின் பேட்டரியையும் ஒருபோதும் திறக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

முதல் தடவை சரியாகப் பூட்ட வராமல் போகலாம். பரவாயில்லை. இன்னொரு தடவை முயன்று பாருங்கள். உங்கள் ஆசிரியர் கோபித்துக்கொண்டால், இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்!