முடிவில்லாத தண்டனையும் மயிலாடி வேதமாணிக்கமும்

குமரி மாவட்டத்தின் சீர்திருத்தக் கிறித்தவ வரலாறு பெரும்பாலும் ஐரோப்பிய மிஷனரிகளின் பெயர்களோடு தொடங்கப்படுகிறது. இலண்டன் மிஷனரி சங்கத்தின் வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து மயிலாடிக்கு வந்தார் என்பது அதன் முதல் வரி. அவர் தாமாக வரவில்லை. வரும்படி அழைத்தவர் அவ்வூரில் சாம்பவர் குடியில் பிறந்த மகாராசன் என்னும் வேதமாணிக்கம். முதல் வரியில் நிற்க வேண்டிய பெயர் அவருடையது.

அவர் ஏன் மதம் மாறினார் என்பதற்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. நரகத்துக்கு அஞ்சி மாறினார் என்பது பக்தர்களின் விடை. சலுகைக்கு ஆசைப்பட்டு மாறினார் என்பது மதமாற்றத்தைப் பழிப்பவர்களின் விடை. இரண்டும் ஒடுக்கப்பட்ட மனிதருக்கு அச்சத்தையும் ஆசையையும் மட்டுமே அளிக்கின்றன, நீதியுணர்வை மறுக்கின்றன. அவருடைய வாழ்க்கையை நாம் ஒரு முறையீடாகவே வாசிக்கிறோம்.

மகாராசன் ஆழ்ந்த சைவர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், தம் உறவினர் சிவகுருநாதனுடன் நாஞ்சில் நாட்டிலிருந்து சிதம்பரம் வரை நடந்தார். அவர்களுடைய சாதியார் கோயிலுக்குள் கால்வைக்க இயலாத காலம் அது. அந்தப் பாதையில் அவருக்கு முன்பே ஒருவர் நடந்திருந்தார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தனார், நாளை போவேன் என்று நாள்களைக் கடத்தி இறுதியில் தில்லைக்குச் சென்றபோது, தீயில் மூழ்கி எழுந்த பின்னரே உள்ளே செல்ல முடிந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. அன்பு போதவில்லை, உடலை நெருப்பிடம் ஒப்புவிக்க வேண்டியிருந்தது.

மகாராசன் நெருப்பில் இறங்கவில்லை. கண்டவற்றால் மனம் கசந்து திரும்பினார். ஒரு கனவு அவரைத் தெற்கே போகச் சொன்னது என்பது சபை மரபு. நமக்கு முக்கியமானது அந்தக் கசப்பு. முற்பிறவியின் வினையே இப்பிறவியின் சாதி என்ற கோட்பாட்டைச் சட்டத்தின் கண்கொண்டு பாருங்கள். குற்றம் இன்னதென்று குற்றவாளிக்குத் தெரியாது. அவரை யாரும் விசாரிக்கவில்லை. ஆயினும் பிறந்த அன்றே தண்டனை தொடங்கிவிடுகிறது. அவருடைய பிள்ளைகளும் அதே தண்டனைக்குள் பிறக்கிறார்கள். இதனை இறைநீதி என்று ஏற்க மறுப்பதே ஐயத்தின் முதற்படி. மகாராசன் அந்தப் படியில் கால்வைத்தார்.

திரும்பும் வழியில் தஞ்சாவூரில் இருந்த உறவினர்கள் அவரைக் கோலாஃப் என்னும் மிஷனரியிடம் அழைத்துச் சென்றனர். அங்கே திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார். சிவகுருநாதன் மாசிலாமணி ஆனார். ஊருக்குத் திரும்பித் தம் குடும்பத்தாருக்கும் சுற்றத்தாருக்கும் தாமே போதித்தார். எந்த மிஷனரியும் மயிலாடியை மிதிக்கும் முன்பே அங்கு ஒரு சபை உருவாகிவிட்டது. பின்னர்ச் சோழநாட்டுக்கு மீண்டும் சென்று, தரங்கம்பாடியில் தமிழ் பயின்றுகொண்டிருந்த ரிங்கல்தௌபேயை அழைத்தார்.

அன்றைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிகள் தலைவரி கட்டின. அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் உழைத்தன. அந்தக் கட்டாய உழைப்புக்கு ஊழியம் என்று பெயர். திருப்பணியைக் குறிக்கவும் சபையில் அதே சொல் வழங்கியது. தளவாய் வேலுத்தம்பியின் காலத்தில் ஆலயம் கட்ட இசைவு கிடைக்கவில்லை. 1808-09 கிளர்ச்சியின்போது கிறித்தவர்கள் தாக்கப்பட்டனர். வேதமாணிக்கம் மறைந்து வாழ நேர்ந்தது. கிளர்ச்சி அடங்கிய பின், 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது.

ரிங்கல்தௌபேயும் ஐயம் கொண்டவர்தான். அவருடைய ஐயம் மக்களைப் பற்றியது. வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தப்பவே பலர் வருகிறார்கள் என்று அவர் வருந்தினார். தம் வருமானத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு எளிமையாக வாழ்ந்த அவரை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த வருத்தத்தை ஏற்க இயலவில்லை. கூலியில்லா உழைப்பிலிருந்து விடுதலை கேட்பது ஆன்மாவின் கோரிக்கை ஆகாது என்று யார் வரையறுத்தது? இம்மையில் நீதி கேட்கத் துணியாதவருக்கு மறுமையின் நீதியைப் பற்றிப் பேசி என்ன பயன்?

1816இல் ரிங்கல்தௌபே உடல் நலிந்து விடைபெற்றார். கப்பலேறிய அவர் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியவில்லை. புறப்படும் முன் சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் வரும்வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், தென் திருவிதாங்கூரின் அந்தச் சபைகளைக் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவர் நடத்தினார்.

புதிய மதத்திலும் ஒரு நெருப்பு இருந்தது. அக்கால மிஷனரிகள் பலர், கிறித்துவை ஏற்காமல் இறந்தவர்களுக்கு முடிவில்லாத நரகம் என்று போதித்தனர். அப்படியானால் மயிலாடியின் முன்னோர்கள் என்ன ஆனார்கள்? வாழ்நாள் முழுவதும் ஊழியத்தில் தேய்ந்து, அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே செத்தவர்களுக்குச் சாவுக்குப் பின்னும் தண்டனையா? இக்கேள்விக்கு நம் மண்ணோடு தொடர்புண்டு. 1544இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் மீனவர்களுக்குத் திருமுழுக்கு அளித்த பிரான்சிஸ் சவேரியார் பின்னர் ஜப்பான் சென்றார். தம் முன்னோர்களுக்கு மீட்பே இல்லையென்று கேட்ட புதிய கிறித்தவர்கள் அங்கே அழுதார்கள் என்று 1552இல் அவரே எழுதினார். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஜூலு மக்களிடையே பணியாற்றிய பிஷப் கொலன்சோ, முடிவில்லாத தண்டனைக் கோட்பாட்டை 1861இல் வெளிப்படையாக மறுத்தார். இறுதியில் அது நீதிமன்றத்துக்கும் வந்தது. தீயோருக்கும் ஒருநாள் மன்னிப்புக் கிடைக்கலாம் என்று ஒரு குருவானவர் நம்பிக்கை தெரிவிப்பது குற்றமல்ல என்று 1864இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

குற்றத்துக்கு ஏற்ற அளவே தண்டனை இருக்க வேண்டும்; சொல்லப்படாத சட்டத்தை மீறியதற்குத் தண்டனை கூடாது; தண்டிக்கும் முன் கேட்க வேண்டும். மனிதர்கள் வகுத்த இந்த அறம் கடவுளுக்கும் பொருந்தும் என்று எண்ணுவதே அந்த ஐயம். அதை நம்பிக்கையின்மை என்று தள்ளிவிட முடியாது. நம்பிக்கையை நீதியோடு கட்டிவைக்கும் முயற்சி அது. சிதம்பரத்திலிருந்து திரும்பிய கால்கள் தொடங்கிவைத்த கேள்வியும் இதுவே என்பது நம் வாசிப்பு.

1818இல் வந்த மீட் சில காலம் நாகர்கோவிலில் நீதிபதியாகவும் அமர்த்தப்பட்டார். போதகரே நீதிபதியானபோது ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தனர். அவர்கள் வழக்கு மன்றத்தையும் வழிபாட்டு மன்றத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. வேதமாணிக்கம் 1827இல் இறந்தார். திருவிதாங்கூரின் கோயில்கள் ஒடுக்கப்பட்டோருக்குத் திறக்க அதன் பின்னும் 109 ஆண்டுகள் ஆயின. சபைக்குள்ளும் சாதி சாகவில்லை. முதுமையில், 1852இல், மீட் தலித் கிறித்தவக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது எழுந்த எதிர்ப்பில் அவர் மிஷனை விட்டு விலக நேர்ந்தது. தனிக் கல்லறைகளையும் தனி வரிசைகளையும் தமிழகத் திருச்சபைகள் இன்றும் முற்றிலும் ஒழிக்கவில்லை.

முடிவில்லாத தண்டனைக்கு இன்று இன்னொரு முகமும் உண்டு. 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணை, அதன் மூன்றாம் பத்தியில், இந்துக்களை மட்டுமே அட்டவணைச் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. மதம் மாறிய பின்னும் அதே இழிவு தொடர்வதை மெய்ப்பிக்கவில்லை என்று கூறி, 1985இல் சூசை வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் முன்னோர் காலத்தில் கிறித்தவமான குடும்பத்தில் பிறந்தவர் தாய்மதம் திரும்பினால், பழைய சாதி ஏற்றுக்கொள்ளும்போது பட்டியல் உரிமை மீளும் என்று 2015இல் கே.பி. மனு வழக்கில் தீர்ப்பளித்தது. திரும்பி வருபவரிடம் சட்டம் சாதியைக் கண்டுபிடிக்கிறது. திரும்பாதவரிடம் அதே சாதியைக் காண மறுக்கிறது. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் கிறித்தவரான அட்டவணைச் சாதியினரை, எந்தத் தலைமுறையில் மாறியிருந்தாலும், பட்டியல் சாதியிலிருந்து பிரித்தே வைத்திருக்கிறது. ஒருவர் எடுத்த முடிவுக்காக எத்தனை தலைமுறைகள் உரிமை இழக்க வேண்டும் என்பதற்கு வரம்பே இல்லை.

மயிலாடி இன்று கல்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு செல்லும் மாணவத் தோழர்கள் 1809இல் தொடங்கிய ஆலயத்தையும் பார்த்து வாருங்கள். வேதமாணிக்கத்தைப் புனிதராக்கி வணங்க வேண்டியதில்லை. அவர் தேர்ந்த மதத்தை நாமும் தேர வேண்டியதில்லை. கோயிலிடம் அவர் கொண்ட ஐயத்தைத் திருச்சபையிடமும் அரசிடமும் கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. மூன்றாம் பத்தியை நீக்கக் கோருவது அந்த உரிமையிலிருந்து எழும் கோரிக்கை.