தட்டில் தன் பெயர் வேண்டாம் என்றவர்: கய் ஃபிராங்க்

விருந்தினர் வந்தால் மட்டும் வெளியே எடுக்கப்படும் பீங்கான் செட் நம்மில் பலரின் வீட்டு அலமாரியில் இன்றும் உண்டு. அதில் ஒரு தட்டு உடைந்தாலும் செட் முழுவதுமே குறையாகிவிடும். இந்த வழக்கத்தை மாற்ற முனைந்தவர் ஃபின்லாந்து வடிவமைப்பாளர் கய் ஃபிராங்க்.

அவர் 1911 நவம்பர் 9ஆம் தேதி வீப்புரி நகரில் பிறந்தார். ஹெல்சிங்கி தொழிற்கலைப் பள்ளியில் தளவாட வடிவமைப்பு பயின்று, 1932இல் படிப்பை முடித்தார்.

இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஃபின்லாந்து சோவியத் யூனியனிடம் தன் கிழக்குப் பகுதியை இழந்தது. ஃபிராங்க் பிறந்த வீப்புரியும் கைவிட்டுப் போனது. அப்பகுதியைச் சேர்ந்த 4 லட்சத்திற்கும் அதிகமானோர் வீடு வாசலை விட்டு வெளியேறி, நாட்டின் பிற பகுதிகளில் குடியமர்த்தப்பட்டனர். போருக்குப் பின் எழுந்த வீடுகள் சிறியவை, சமையலறைகளும் சிறியவை. அங்கே பெரிய செட்டுகளை அடுக்கி வைக்க இடமில்லை. ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவப் பணியாளும் இல்லை.

1945இல் ஹெல்சிங்கியின் அராபியா பீங்கான் ஆலையில் சேர்ந்த ஃபிராங்க், இந்தக் குடும்பங்களுக்கு எது தேவை என்று யோசித்தார். அதன் விளைவாக 1953இல் விற்பனைக்கு வந்ததுதான் ‘கில்த்தா’ பாத்திர வரிசை.

அதில் பூ வேலைப்பாடு இல்லை, தங்க விளிம்பு இல்லை. வட்டம், சதுரம், செவ்வகம் ஆகிய எளிய வடிவங்களும் ஒற்றை நிறப் பூச்சும் மட்டுமே. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் சிறிய அலமாரியிலும் அடங்கும். ஓவனில் சூடாக்கிய பாத்திரத்தை அப்படியே மேசைக்குக் கொண்டுவரலாம். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில், இரட்டை ஜன்னலின் இரு கண்ணாடிகளுக்கு இடையே வைக்கத் தோதாகப் பால் குவளை ஒடுக்கமாக அமைந்திருந்தது. இவை அனைத்தையும் தனித்தனியாக வாங்கலாம். கையில் பணம் இருக்கும்போது ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று எனச் சேர்க்கலாம்.

நூத்தயார்வி கண்ணாடி ஆலைக்காக 1958இல் அவர் வடிவமைத்த ‘கார்த்தியோ’ குவளையும் இதே எளிமை கொண்டது. 1955இல் லன்னிங் பரிசும், 1957இல் இத்தாலியின் கொம்பாசோ தோரோ விருதும் அவரைத் தேடி வந்தன.

புகழ் வளர்ந்த அந்தக் காலத்தில் ஃபின்லாந்து வடிவமைப்பாளர்கள் நட்சத்திரங்களாகக் கொண்டாடப்பட்டனர். அவர்களின் பெயரே விளம்பரமாயிற்று. ஃபிராங்க் இதை ஏற்கவில்லை. அன்றாடம் சாப்பிடும் தட்டு அதைப் பயன்படுத்துவோருக்கே உரியது, அதைப் பெயர் சொல்லி விற்கக்கூடாது என்பது அவர் நிலைப்பாடு. ஆலையில் பலர் கை சேர்ந்து உருவாவதை ஒருவரின் படைப்பாகக் காட்டுவதும் அவருக்கு உடன்பாடில்லை. தாம் படித்த தொழிற்கலைப் பள்ளியிலேயே ஆசிரியராகவும் இருந்த அவர், ஃபின்லாந்து வடிவமைப்பின் மனசாட்சி என்று அழைக்கப்பட்டார்.

1970களின் நடுவில் கில்த்தா உற்பத்தி நின்றது. ஃபிராங்க் ஓயவில்லை. அதே வடிவங்களை இன்னும் உறுதியான மண்கலவைக்கு ஏற்பத் திருத்தி அமைத்தார். அது 1981இல் ‘தேமா’ என்ற பெயரில் மீண்டும் கடைகளுக்கு வந்தது.

1989 செப்டம்பர் 26ஆம் தேதி கிரீஸின் சந்தோரினி தீவில் அவர் காலமானார். பெயரை முன்னிறுத்த மறுத்த அவரின் பெயரிலேயே 1992 முதல் ஃபின்லாந்தில் வடிவமைப்பு விருது வழங்கப்பட்டு வருகிறது. தேமா தட்டுகள் இன்றும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. ஒன்று உடைந்தால் ஒன்றை மட்டும் வாங்கினால் போதும்.